விரல் மடங்கும் நேரம்

ஆறு வருசமாய் எனக்கு ஒரே மருந்து:
"கனக்க யோசிக்காதேங்கோ."
வவுனியாவில் ஒருத்தர், கிளிநொச்சியில் இரண்டு பேர்,
தலை நிமிராமல் துண்டெழுதினவர்கள்.
வெளியே வரிசை கேற்றுவரை நிற்கும்,
அவர்களையும் குறை சொல்ல ஏலாது.

"சண்டைக்குள்ள இருந்தனீங்களோ?"
ஓம் என்றால் போதும்,
என் மூட்டுக்கு விளக்கம் கிடைத்துவிடும் அவர்களுக்கு.
பனடோல், ஒரு வைட்டமின்,
மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம்.
அங்கே இருந்த பிள்ளை நல்ல பிள்ளை.
அழச் சொன்னது.
அழுதேன்,
நனைந்த லேஞ்சியைப் பிழிய முடியாமல்
மடியில் வைத்துக்கொண்டு.

போத்தல் மூடி திறக்க மகனைக் கூப்பிடுவேன்.
அவன் பள்ளிக்கூடம் போனபின் பல்லால்.
கச்சான் உடைக்கிற வேலை போனது.
தேங்காய் திருவாத வீடு, சொதி இல்லாத சோறு,
"பஞ்சி பிடிச்சவள்" என்றாள் மச்சாள்,
எனக்குக் கேட்கிற தூரத்தில்.

வீங்காத நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால்
என் கை என்னைப் பொய்க்காரி ஆக்கும்.
வீங்கின நாளில்
பஸ் கம்பியைப் பிடிக்கேலாது.

மாசி மாதம். மாங்குளம். இலக்கம் நாற்பத்தேழு.
புது டொக்டர், கல்முனைப் பக்கத்துப் பிள்ளை,
முக்காட்டில் நீலக்கல் வைத்த ஊசி,
நுஸ்கியா என்று பேர்.
"இரிங்க" என்றா.
நான் இருக்கும்வரை பேனையைத் தொடவில்லை.
பிறகு கேட்டா:
"காலையில எழும்பி
விரல் மடங்க எவ்வளவு நேரம் போகும்?"

மணிக்கூட்டு வார் பூட்டி எனக்குக் கனகாலம்.
தெரிந்ததைச் சொன்னேன்.
"ஒட்டுசுட்டான் முதல் பஸ் போகேக்க எழும்புவன்.
பக்கத்து வளவில பால் கறந்து முடியும்.
நாய் வந்து ராச்சட்டி நக்கும்.
கோயில் மணி அடிச்சு ஓயும்.
மகன் தானே தேத்தண்ணி ஊத்தி
தானே சப்பாத்துக் கட்டிப் போயிடுவான்.
பள்ளிக்கூட மணி கேக்கேக்கதான்
பெருவிரல் சின்னவிரலைத் தொடும்."

நிறுத்தினேன். நீட்டிப்போட்டேனோ?
கதவுக்கு வெளியே
நாற்பத்தெட்டு இருமியது.

"நாய் எத்தின மணிக்கு வரும்?"

சிரிக்கவில்லை. கேட்டா.

ஆறு இருக்கும் என்றேன்.
பஸ் ஐந்துக்கு, பள்ளிக்கூடம் ஏழரைக்கு.
தன் விரலை எனக்காக மடித்து மடித்து எண்ணினா,
இரண்டரை மணித்தியாலம்.
பிறகு என் கையை எடுத்தா.
முட்டை வாங்குகிறவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல
ஒவ்வொரு மொழியாய்.
"நோகுதா" என்று கேட்டுத்தான் அடுத்ததைத் தொட்டா.

"இது யோசனை இல்ல. வாதம்.
ரத்தம் பார்த்திட்டு உறுதியாச் சொல்றன்.
முழுசாப் போகாது இது.
கட்டி வைக்கலாம்."

போகாது என்றதைக் கேட்டு
எனக்குச் சந்தோசம் வந்தது.
இதை ஆரிடம் சொல்ல?
ஆறு வருசத்தில் முதல் தரம்
என் நோய் எனக்கு உண்மையாய் இருந்தது.

இப்போது கிழமைக்கு ஒருநாள் குளிசை,
மாதம் ஒருக்கா ஊசிக்குக் கை நீட்டுவது.
வியாழக்கிழமைகளில் ஓங்காளம்.
மச்சாள் இன்னும் கதைக்கிறாள்.
ஆனால் நேற்று
கோயில் மணி ஓய முதல் விரல் தொட்டது.
மகனின் ஒரு சப்பாத்துக்கு நான் முடிச்சுப் போட்டேன்.
மற்றதை அவன் கட்டினான்,
பொறுமையில்லாதவன்.

ஆனியோடு டொக்டருக்கு இடமாற்றமாம்.
பஸ்ஸில் கொப்பியை விரித்துப் பார்த்தேன்.
எல்லாம் இங்கிலீசுக் கிறுக்கல்,
நடுவில் ஒரு வரி மட்டும் தமிழில்:
பஸ், நாய், கோயில், பள்ளி மணி. 2½ ம.

அடுத்து வருகிறவர் ஆரோ.
நிமிர்ந்து என்னைப் பார்ப்பாரோ தெரியாது.
பார்க்காட்டிலும் காரியமில்லை,
குனிந்த தலைக்கு நேர் கீழே
என் கொப்பி விரிந்து கிடக்கும்.
அந்த நாயைத் தாண்டித்தான்
அவர் பேனையை வைக்க வேண்டும்.